சிக்னலில் நடுங்கும் பழைய கார்: எதையும் மாற்றும் முன்

ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, வண்டி நடுங்குகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி முக்கிவிட்டுத்தான் நகர்கிறது என்றதும் பலரும் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) அல்லது பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். இரண்டையும் மாற்றிய பிறகும் கோளாறு தீராமல் என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகள் நிறைய. வீணான அந்தச் செலவைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்பதில்லை.

எப்போது நடுங்குகிறது என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

நிற்கும்போது நடுங்கி, ஓட்டத்தில் சரியாகிவிட்டால் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் திராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம். சின்ன விரிசல் வழியாகக் காற்று புகுந்தாலும் பெட்ரோல் கலவை கெடும். வேகம் எடுத்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றோடு பார்க்கையில் அது ஒன்றுமில்லாமல் போகும். மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்களான வாக்குவம் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜின் அடிப்பகுதிப் புகையை மீண்டும் உள்ளே இழுப்பது) இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே நன்றாக இருப்பதுபோலத் தெரியும் ரப்பர், வளைவின் அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், கசிவு இருந்தால் இன்ஜின் சத்தம் மாறும். வயர் கனெக்டரில் தண்ணீர் படக்கூடாது. இதற்கு கார்பரேட்டர் கிளீனரைச் சூடான இன்ஜின் மேல் அடிப்பவர்கள் உண்டு, தீப்பிடிக்கும், வேண்டாம்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது திராட்டில் பாடியிலும், ஐடிலிங்கில் காற்றை அளந்து விடும் ஐடில் வால்விலும் படிந்த கரி. சுத்தம் செய்தாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும்.

மேடு ஏறும்போது, ஏசி போட்டு ஆள் ஏற்றியதும் திணறினால் கதை வேறு. பிளக் (பெட்ரோலைப் பொறியால் பற்றவைப்பது), பிளக் வயர், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் ஃபில்டர் என்று போக வேண்டும். கேஜ் மாட்டி பெட்ரோல் பிரஷர் பார்க்காமல் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

எப்போதும் ஒரே தாளத்தில் உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் இது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்ப்போம். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுவோம். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் குற்றவாளி பிளக். போகாவிட்டால் வயர், காயில், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) என்று பார்க்க வேண்டும்.

"டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எதுவும் எரியவில்லையே" என்று சொல்லி நாள் கடத்த வேண்டாம். மிஸ்ஸிங்கைக் கண்காணிக்கும் ஓபிடி-2 என்ற, வண்டியிலேயே இருக்கும் கோளாறு கண்டறியும் அமைப்பு நம் நாட்டுக் கார்களுக்குக் கட்டாயமானது 2013-ல்தான். அதற்கு முந்தைய வண்டி சொல்லும் என்று காத்திருக்க முடியாது. மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்குப் பல செட் பிளக் வாங்கலாம்.