நோட்டீஸ் வந்த பிறகு டிரஸ்ட் எழுத முடியுமா?

"ஆடிட்டர் சார், பழைய தேதியில ஸ்டாம்ப் பேப்பர் ஏதாச்சும் கிடைக்குங்களா?"

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர். மேசைமேல், 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லி வங்கி அனுப்பிய நோட்டீஸ். கம்பெனி ஷேரையும் இரண்டு வீட்டையும் குடும்ப டிரஸ்டில் (குடும்பத்தார் பயனுக்காகச் சொத்தை ஒரு டிரஸ்டியிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டால் வங்கி தொட முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாம்ப் வெண்டர் பதிவேட்டில் எண்ணும் தேதியும் இருக்கும், இது மோசடி, நான் வரமாட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிக் கடன் நம் வீட்டுக்கு வராது என்பது சரிதான். ஆனால் 'கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று வங்கியில் பர்சனல் கேரண்டியில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பாதுகாப்பை நாமே விட்டுக்கொடுக்கிறோம். இவர் மூன்று கடனுக்குப் போட்டிருந்தார். அடமானத்தில் இருக்கும் வீடு யார் பெயருக்குப் போனாலும் அடமானம் கூடவே போகும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற எழுதிக் கொடுத்த வீடு என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். கம்பெனிக் கடனுக்குக் கேரண்டி கொடுத்தவர்கள்மீது திவால் சட்டம் 2019 டிசம்பரிலிருந்தே பாய்கிறது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்தச் சட்டப்படி திவால் விண்ணப்பத்துக்கு முந்தைய 2 ஆண்டுகளில் சும்மா கைமாற்றியதையும் திரும்ப இழுக்க வழி இருக்கிறது.

கடன் தொல்லை இல்லாத காலத்திலேயே வருபவர்களிடம் வேறு சிக்கல். சொத்தின் பிடியை விட மனசு வராது. டிரஸ்டை எழுதுபவரும் அவரே, ஒரே டிரஸ்டியும் அவரே, நினைத்தபோது ரத்து செய்யும் உரிமையும் அவருக்கே வேண்டும். அப்படி எழுதினால் வருமானத்துக்கு அவரிடம்தான் வரி கேட்பார்கள். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால் 'இது இன்னும் அவர் சொத்துதானே' என்று வாதாடுவார். ரத்து செய்ய முடியாத டிரஸ்டாக, வெளியாள் ஒருவரையும் டிரஸ்டியாகச் சேர்த்து எழுதுங்கள் என்பேன். பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் முடிவுக்கே விட்டால் பாதுகாப்பு கூடும், ஆனால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி.

பயனாளி பட்டியலில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டிரஸ்ட் எழுதுபவரின் 'உறவினர்' மட்டுமே பயனாளி என்றால்தான் ஷேர் வாங்கும் டிரஸ்டுக்கு வரிவிலக்கு. சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் அக்கா மகன் இல்லை! தாய்மாமன் நேரடியாக அவனுக்கு ஷேரைக் கொடுத்தால் வரி கிடையாது. டிரஸ்ட் எழுதி அவனையும் பயனாளியாகச் சேர்த்தால் மொத்த ஷேர் மதிப்புக்கும் வரி கேட்கலாம். சட்டம் எழுதியவருக்கு மாமன் சீர் வழக்கம் தெரியாது போலிருக்கிறது.

அப்புறம், டிரஸ்ட் சட்டப்படி தனி ஆள் இல்லை. ஷேர் டிரஸ்டி பெயரில் ஏறும். அதனால் டிரஸ்டி எம்ஜிடி-4 படிவத்திலும் பயனாளி எம்ஜிடி-5 படிவத்திலும் 30 நாளில் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும்.

திருப்பூர்க்காரர் வங்கியோடு பேசி, ஒரு வீட்டை விற்று ஒன் டைம் செட்டில்மெண்டில் (ஒரு தொகை பேசி மொத்தமாகக் கடனைத் தீர்ப்பது) முடித்தார். இந்த வருடம் அவர் மகன் டிரஸ்ட் எழுத வந்தான். எங்கெல்லாம் கேரண்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று பட்டியல் கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க சார், அப்பா விடமாட்டேங்கறாரு" என்றான்.