கோல்ஃபில் ஊசலாட்டம் எங்கிருந்து வந்தது?

‘உங்கள் கோல்ஃப் ஊசலாட்டத்தை மேம்படுத்தி, டீயிலிருந்து பந்தை இன்னும் தூரம் அனுப்புங்கள்.’ (டீ என்பது பந்தை ஏற்றிவைக்கும் சிறு முளை.) காணொளித் தலைப்பிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரையிலும் இந்த ‘ஊசலாட்டம்’ அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆங்கிலத்து ‘ஸ்விங்’ என்பதற்குப் போட்ட தவறான சொல் இது.

ஸ்விங் என்பதன் மூலவினைக்குப் பழைய ஆங்கிலத்தில் அடித்தல், விளாசுதல் என்று பொருள். முன்னும் பின்னும் ஆடுதல் என்பது பிற்பாடு வந்து சேர்ந்தது. கோல்ஃபில், கோலை ஓங்கி இறக்கிப் பந்தை அடித்து மறுதோளுக்கு மேல் கொண்டுபோய் முடிக்கும் முழு அசைவும் ஸ்விங்தான். தமிழில் வீச்சு. கூட்டுச்சொல்லாக வேண்டுமென்றால் கோல்வீச்சு.

ஊசல் தன் எடையால் விழுந்து, மறுபக்கம் ஏறி, திரும்பி வரும். மனம் ஊசலாடுகிறது, உயிர் ஊசலாடுகிறது என்கிறோமே, அங்கெல்லாம் நிலையில்லாமைதான் பொருள். கோல்ஃபில் நடப்பது வேறு. கோல் இறங்கும்போது முதலில் இடுப்பு திரும்பும். அதைத் தொடர்ந்து மார்பு, கை, கடைசியாகக் கோலின் தலை. மடங்கியிருக்கும் மணிக்கட்டு பந்தை நெருங்கும்வரை விடுபடக் கூடாது. முன்கூட்டியே விட்டால் வேகம் காற்றோடு போய்விடும், பந்துக்குப் போகாது. தூரம் கிடைப்பது இந்த வரிசையால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. டீ முன்னால் நின்று உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து ஆடுவது புதியவர்களிடம் சகஜமாகக் காணும் பிழை. சுழல வேண்டிய இடுப்பு நகர்ந்துவிடும். கோல் புல்லில் இடிக்கும், அல்லது பந்தின் உச்சியை உரசிப் போகும். ஊசலாட்டம் என்ற பெயர் பொருந்துவது இந்தப் பிழைக்குத்தான். அதையே மேம்படுத்தச் சொன்னால் படிக்கிறவர் என்ன செய்வார்?

‘பந்துவீச்சு இருக்கிறதே, வீச்சு என்றால் எறிதல் ஆகிவிடாதா?’ என்று கேட்பார்கள். ஆகாது. வாள்வீச்சில் வாளை யாரும் எறிவதில்லை. சிலம்பத்தில் கம்பு வீசுகிறவர் கம்பைக் கைவிடுவதில்லை. கையில் பிடித்தபடி வேகமாகச் சுழற்றுவதற்கும் நம் மொழியில் வீசுவது என்றுதான் பெயர்.

பெங்களூரில் 1876-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. இதே ஊரில் ஆட்டக்காரர்களின் கோல்பை தூக்கிப் பழகிய சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். பெங்களூரின் தொம்லூர்ப் பக்கம் பை தூக்கும் தமிழர்கள், முறுக்கிக்கொண்டு நிற்பவரிடம் ‘அடிக்காதீங்க சார், வீசுங்க’ என்பார்கள். அகராதியைப் பிரித்து முதல் வரியை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததால்தான் ‘பின் ஊசலாட்டம்’, ‘கீழ்நோக்கிய ஊசலாட்டம்’ என்று வாயில் நுழையாத தொடர்களாக எழுதிக் குவிக்கிறார்கள். பின்வீச்சு, இறங்குவீச்சு, தொடர்வீச்சு என்றால் சொல்லும்போதே கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. தனித்தமிழ் வேண்டாம் என்பவர் ஸ்விங் என்றே எழுதட்டும், எனக்கு அதில் குறை கிடையாது. ஊசலாட்டம் மட்டும் வேண்டாம்.