நாலு பேர் திறக்கும் ஒரே கோப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர்கள் எடை போட்டு வெள்ளி வாங்கிப் போவார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது சேதாரம் கழித்துக் கணக்கு முடிப்பார்கள். கணினியில் இருப்பு 5,000 கிராம். இரண்டு மேஜைகளில் ஒரே நேரத்தில் எடை நடக்கிறது. ஒருவர் 800 கிராம் கொடுக்கிறார், மற்றவர் 500. இருவர் திரையிலும் இருப்பு 5,000தான். முதலாமவர் 4,200 என்று சேமிக்கிறார். அடுத்த நொடியே மற்றவர் 4,500 என்று சேமிக்கிறார். கோப்பில் நிற்பது 4,500, பெட்டியில் இருப்பது 3,700. கூட்டல் கழித்தலில் யாரும் பிசகவில்லை. ஆனாலும் 800 கிராம் கணக்கில் வரவில்லை.

இதைத் தடுக்கத்தான் பூட்டு: ஒருவர் திருத்தி முடிக்கும்வரை அதே பதிவை இன்னொருவர் மாற்றாமல் நிறுத்தி வைப்பது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பைப் பலர் திறக்கும்போது, பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு சின்னக் கோப்பு தோன்றும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் எதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் ஆக்சஸ் கவனிக்கிறது. அந்தக் கோப்பை உருவாக்கவும் அழிக்கவும் எல்லாருக்கும் அனுமதி இருக்க வேண்டும். பகிர்ந்த ஃபோல்டரில் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

பூட்டு இருந்தும் கோப்பு ஏன் கெடுகிறது? எல்லாருக்கும் பகிர்ந்த ஃபோல்டர் இருக்கும் பொதுக் கணினி, கோப்பை வைத்திருப்பதோடு சரி. உள்ளே எதையும் மாற்றுவது அதன் வேலையல்ல. ஒவ்வொருவருடைய கணினியும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகத் தரவை நெட்வொர்க் வழியாக இழுத்து, மாற்றி, தானே திருப்பி எழுதுகிறது. ஒரு வரியைத் திருத்தினாலும் அந்த வரி இருக்கும் பக்கம், அதைத் தேடி எடுக்க உதவும் அட்டவணையின் (இண்டெக்ஸ்) பக்கம் என்று பல இடங்களில் எழுத வேண்டியிருக்கும். பாதி எழுதும்போது வைஃபை விட்டுப்போனால் ஒன்று புதிது, மற்றொன்று பழையது. கோப்பு சிதைவது இப்படித்தான். ஆகவே கம்பி இணைப்புதான் நல்லது. யுபிஎஸ்ஸைக் கணினிகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிடக் கூடாது. கரண்ட் போகும்போது முதலில் அணைவது அதுதான்.

அப்புறம், கோப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தரவு மட்டும் பொதுக் கணினியில். படிவங்களும் அறிக்கைகளும் அவரவர் கணினியில் தனித்தனிப் பிரதியாக. இதற்கான கருவி ஆக்சஸிலேயே இருக்கிறது. தரவுக் கோப்பை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றில் போடவே வேண்டாம். அவை ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பிரதி அனுப்புகின்றன. ஒரு பிரதியில் போட்ட பூட்டு இன்னொரு பிரதியில் இருப்பவரைத் தடுக்காது.

255 பேர் வரை, 2 ஜிபி வரை என்று ஆக்சஸுக்கு வரம்பு சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பி ஆள் சேர்க்க வேண்டாம் என்பேன். பத்துப் பேர் நாள் முழுக்க எழுதும் இடத்துக்கு போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு தரவுத்தள சர்வர்தான் சரி. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை, இன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆக்சஸ் படிவங்களை அப்படியே வைத்துக்கொண்டு தரவை மட்டும் அதற்கு மாற்றலாம். இங்கே கோப்பைத் தொடுவது சர்வர் ஒன்றுதான். மற்றவர்கள் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்குகிறார்கள். ஏற்காட்டிலிருந்து ஒருவர் இணையம் வழியாகப் பதிந்தாலும், நடுவில் இணைப்பு அறுந்தால் அவருடைய கோரிக்கை மட்டும்தான் நிற்கும், கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

சர்வரே நின்றுபோனால்? அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் தரவுப் பக்கத்தில் கை வைக்கும். மறுபடி எழும்போது குறிப்பேட்டைப் படித்து, உறுதியான மாற்றங்களை நிறைவேற்றும், அரைகுறையானவற்றைச் செல்லாததாக்கும். 'முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது' என்ற இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் கணினி அறிவியலாளர் ஜிம் கிரே. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1998-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது.

வெள்ளிக் கணக்குக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருப்பை ஓர் எண்ணாக வைத்து அழித்து அழித்து எழுதுவதே வம்பு. பேரேட்டில் போல வரவையும் பற்றையும் தனித்தனி வரியாகச் சேர்த்து, இருப்பைக் கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம். அப்போது 800-க்கு ஒரு வரி, 500-க்கு ஒரு வரி. ஒன்றை ஒன்று அழிக்காது. ஆனால் கடைசி 600 கிராமை இருவர் ஒரே சமயத்தில் கேட்டால் இது மட்டும் போதாது. இருப்பு பார்ப்பதையும் பற்று எழுதுவதையும் ஒரே பூட்டுக்குள் செய்யச் சொல்லி நிரலில் எழுதியிருக்க வேண்டும்.