கலப்புச் சண்டைப் பயிற்சியில் கையுறை செய்வதும் செய்யாததும்

குத்து, உதை, பிடி மூன்றும் கலந்த, எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையைப் பழகத் தொடங்கும் டெல்டா இளைஞர் ஒருவர் முதலில் வாங்கும் பொருள் பெரும்பாலும் ஒரு ஜோடி கையுறையாகத்தான் இருக்கிறது. சிலம்பமும் கராத்தேயும் கபடியும் ஏற்கெனவே வேரூன்றிய தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களில் இக்கலைக்கு ஆள் சேர்வதில் வியப்பில்லை. ஆனால், கையுறை அணிந்துவிட்டால் அடி வாங்குபவருக்கு ஆபத்து குறைந்துவிடும் என்று பயில்பவரும் அவருடைய பெற்றோரும் நம்பிவிடுவதுதான் சிக்கல். கையுறை முதன்மையாகக் காப்பது அடிப்பவருடைய கையை. அடிபடுபவருடைய மூளைக்கு அதனால் கிடைக்கும் காப்பு மிகச் சிறிது.

ஒரு குத்து எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்கினால் இது தெளிவாகும். ஒலிம்பிக் தரத்திலான குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தைக் கருவிகள் பொருத்திய பொம்மைத் தலையில் அளந்தபோது, கை நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் செல்வதும், மோதலில் பங்கேற்கும் நிறை சுமார் 3 கிலோவாக இருப்பதும், விசை சராசரியாக 3,400 நியூட்டன் அளவுக்கு எழும்புவதும் தெரியவந்தன. இந்த 3 கிலோ என்பது தராசில் வைத்து நிறுக்கும் எடை அன்று. மணிக்கட்டும் முழங்கையும் தோளும் மோதும் கணத்தில் எவ்வளவு இறுகி நிற்கின்றனவோ அதைப் பொறுத்து அது கூடும், குறையும். தொடக்கத்திலிருந்தே கையை விறைத்துக்கொண்டு குத்துபவருக்கு வேகம் கிடைக்காது. கடைசிவரை தளர்த்தியே வைத்திருப்பவருக்கு நிறை கிடைக்காது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில்லும் அவருடைய குழுவினரும் தேர்ந்த எம்.எம்.ஏ. வீரர்களின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு, அவ்வீரர்கள் இரண்டையும் எப்படிப் பெறுகிறார்கள் என்பதைக் காட்டியது. அடி தொடங்கும்போது உடற்பகுதித் தசைகள் ஒருமுறை இறுகுகின்றன, கை விரையும் இடைவெளியில் தளர்கின்றன, இலக்கைத் தொடும் கணத்தில் மீண்டும் இறுகுகின்றன. ஆசான்கள் "தளர்வாய் வீசு, படும்போது பிடி" என்று சொல்லிக்கொடுப்பது இந்த இரட்டை இறுக்கத்தைத்தான்.

அவ்வளவு விசையும் திரும்பிப் பாய்வது புறங்கையின் மெல்லிய எலும்புகளுக்குள். உள்ளங்கைக்குள் ஐந்து நீண்ட எலும்புகள் இருக்கின்றன. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை மணிக்கட்டோடு ஏறக்குறைய அசையாமல் பிணைந்திருக்கின்றன. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரியவையோ இலகுவாக அசைகின்றன. ஒரு பொருளை இறுகப் பிடிக்க அந்த அசைவு உதவுகிறது, குத்துவதற்கு அது கேடு. சுவரிலோ எதிராளியின் நெற்றியிலோ குறி தவறிக் குத்துபவர்களுக்குச் சுண்டுவிரல் எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிவு ஏற்படுவது இதனால்தான்.

கைக்கட்டுத் துணியின் வேலை இங்கே தொடங்குகிறது. சுமார் நாலரை மீட்டர் நீளமுள்ள அந்த நாடாவின் முனையிலுள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றி, புறங்கை வழியாக ஏறி, முட்டிக் கணுக்களின் மேல் சில மடிப்புகளை அடுக்கி, விரலிடுக்குகளில் குறுக்கே நுழைத்து மீண்டும் மணிக்கட்டுக்கே கொண்டுவந்து முடிக்க வேண்டும். சுற்றும் நேரமெல்லாம் விரல்களை அகல விரித்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுருக்கிய கையில் சுற்றினால், முட்டியை மடக்கும்போது துணி தசையை வெட்டுவதுபோல் இறுகி, விரல்நுனி மரத்துப்போகும். இத்துணி அடியை உறிஞ்சுவது கொஞ்சம்தான். தனித்தனியே அசையக்கூடிய எலும்புகளை ஒரே கட்டாக்கி, மணிக்கட்டு மடங்கிவிடாமல் நிறுத்துவதே அதன் பெரும்பணி. ஆகவே, கையுறை தடிமனாக இருக்கிறதே என்று துணியைத் தவிர்ப்பதில் பொருளில்லை.

அடியை உறிஞ்சுவது கையுறைக்குள் இருக்கும் நுரைப்பொருள். 3 கிலோ நிறை 9 மீட்டர் வேகத்தில் வந்து நிற்கிறது என்றால், அதன் உந்தம் 27 நியூட்டன்-நொடி. அது 5 மில்லிநொடியில் நின்றால் சராசரி விசை 5,400 நியூட்டன். நுரை நசுங்கி அதை 10 மில்லிநொடியாக நீட்டித்தால் 2,700 நியூட்டன். வைக்கோல் போரின்மீது குதிப்பவனுக்கும் களத்துமேட்டின்மீது குதிப்பவனுக்கும் உள்ள வேறுபாடும் இவ்வளவுதான்: இருவரும் இழக்கும் உந்தம் ஒன்று, இழக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு.

ஆனால், உந்தம் எங்கும் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 27 நியூட்டன்-நொடியும் எதிராளியின் தலைக்குத்தான் போகிறது. நுரை அதைப் பரந்த பரப்பில், சற்றே நீண்ட நேரத்தில் செலுத்துவதால் தோல் கிழிவதும் மூக்கெலும்பு நொறுங்குவதும் குறையும். கழுத்தின்மேல் தலை சுழல்வது அதே விகிதத்தில் குறையாது. சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று சுழலும்போது மண்டையோடு முந்திக்கொள்ள மூளை பின்தங்குவதால், அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. மயக்கமும் நினைவு மங்குதலும் அதன் விளைவுகள். பயிற்சிச் சண்டைக்குப் பயன்படும் 16 அவுன்ஸ் குத்துச்சண்டைக் கையுறை தன் பங்குக்கு 450 கிராம் நிறையையும் கூட்டுகிறது. கை வலிக்காது என்ற துணிச்சலில் தலையையே மீண்டும் மீண்டும் குறிவைக்கத் தோன்றுவதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய யு.எஃப்.சி. என்னும் எம்.எம்.ஏ. போட்டிகளில் 1997-ல்தான் கையுறை கட்டாயமானது. விரல்கள் வெளியே தெரியும் 4 அவுன்ஸ் கையுறை, பிடிபோடுவதற்கு இடம் கொடுத்துக்கொண்டே கை எலும்புகளைக் காக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தோழனின் தலையில் தினமும் முழு விசையோடு பழகுவது வெறும் முட்டியால் பழகுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அன்று.

தலைக்கவசத்தின் கதையும் இதேதான். 1984 முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கட்டாயமாக இருந்த தலைக்கவசத்தை ஆண்கள் பிரிவிலிருந்து சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் (ஏ.ஐ.பி.ஏ.) 2013-ல் நீக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலேயே மோதினார்கள். புருவம் கிழிவதையும் காது நசுங்குவதையும் கவசம் நன்றாகவே தடுக்கிறது. சுழற்சியைத் தடுக்க அதனால் இயலாது. தலையின் சுற்றளவைப் பெருக்குவதால் ஓரத்தில் படும் அடிக்குக் கூடுதல் நெம்புகோல் நீளம்கூடக் கிடைத்துவிடுகிறது. வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் மவுத் கார்டு பற்களுக்கும் உதட்டுக்கும் இன்றியமையாதது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் மூளையைக் காப்பது எது? முழு விசையைப் பஞ்சிங் பேக்கிலும் பயிற்றுநர் ஏந்தும் பேடிலும் செலவிட்டு, ஆளோடு ஆள் மோதும் ஸ்பாரிங்கில் தொடும் அளவுக்கே அடிப்பதுதான். அடிபட்டுத் தலை கிறுகிறுத்தவர் அன்றைக்கு மீண்டும் இறங்கக் கூடாது. மருத்துவர் பார்த்த பின், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மெல்லோட்டத்திலிருந்து படிப்படியாகத்தான் ஸ்பாரிங்குக்குத் திரும்ப வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. எனினும், கையுறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள்கூட இதைத்தான் கைவிடுகிறார்கள்.

பஞ்சிங் பேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் நெல் சாக்கில் மணலைக் கொட்டித் தகரக் கொட்டகையின் விட்டத்தில் தொங்கவிடுவதைக் காணலாம். ஒவ்வோர் அடிக்கும் மணல் குலுங்கி இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு கீழே இறங்கும். சில வாரங்களில் மேற்பாதி துவண்டும் கீழ்ப்பாதி கல்போலவும் ஆகிவிடும். ஈரக்காற்றை உறிஞ்சிய மணல் இன்னும் கெட்டிப்படும். தாழ்வான உதை விழுவது அந்தக் கெட்டியான பகுதியில்தான் என்பதால் முதலில் அடிபடுவது கணுக்காலும் முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பும். தையல் கடைகளில் கழியும் துணித் துண்டுகளை அடுக்கடுக்காக அழுத்தித் திணித்து, எடை தேவையென்றால் நடுவில் மட்டும் சிறு மணல் பொட்டலங்களை வைத்துத் தைப்பது நல்லது.

கீழே தள்ளிப் பிடிக்கும் பகுதியில் டெல்டா இளைஞர்களுக்கு இயல்பாகவே ஒரு முன்தொடக்கம் உண்டு. பாடி வந்தவரின் தொடையையோ கணுக்காலையோ பற்றி அவருடைய ஈர்ப்பு மையத்தைப் பாதங்களின் எல்லைக்கு வெளியே தள்ளும் கபடிப் பிடியும், எம்.எம்.ஏ.யில் காலைப் பற்றி வீழ்த்தும் உத்தியும் இயக்கவியலில் ஒன்றுதான். புதிதாகக் கற்க வேண்டியது விழுவதை. தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு உருள, கை முழுவதையும் தரையில் அறைந்தபடி விழுந்தால் மோதல் பெரிய பரப்பில் பரவி, பின்மண்டை தரையைத் தொடாமல் தப்பும். நீட்டிய கையை ஊன்றி விழுபவருடைய மணிக்கட்டையோ தோளையோ 40 மில்லிமீட்டர் நுரைப் பாய்கூடக் காப்பாற்றாது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகளை அப்படியே பின்பற்றுபவர்கள் கணக்கில் கொள்ளாதது இந்தப் படுகையின் ஈரக்காற்றை. உழைக்கும் தசை, செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானதையே இயக்கமாக மாற்றுகிறது, மீதி வெப்பமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கடும் பயிற்சி ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்துக்கு அது ஏறக்குறைய ஈடு. ஆனால், ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வை குளிர்விப்பதில்லை. தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வியர்வை ஆவியாகும். 35 டிகிரி தோலின் மேலுள்ள நீராவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். சித்திரை நண்பகலில் வெயில் 38 டிகிரியாகவும் ஈரப்பதம் 35 விழுக்காடாகவும் இருந்தால் காற்றின் நீராவி அழுத்தம் 2.3 கிலோபாஸ்கல், இடைவெளி 3.3. ஐப்பசி மழைக்கு நடுவே வெப்பம் 30 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 85 விழுக்காடு ஆனால் காற்றின் அழுத்தம் 3.6, இடைவெளி வெறும் 2. வெயிலே இல்லாத அந்த மாலையில், சன்னலைச் சாத்திய அறைக்குள், வியர்வை ஆவியாகும் வேகம் சித்திரையைவிடக் குறைவு. மின்விசிறி ஓடும் திறந்த கூடமும், சுற்றுகளுக்கிடையே நீண்ட ஓய்வும், உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ இடையிடையே குடிப்பதும் அப்போது அவசியமாகின்றன.

இதே காரணத்தால், எடைப்பிரிவுக்குள் நுழைவதற்காக மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வியர்வையை வடிப்பது இங்கே இருமடங்கு ஆபத்து. 1997-ன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து இறந்தார்கள். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்னும் எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்த பிறகு, உடலில் நீர் போதிய அளவு இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தபின்பே எடையை ஏற்கும் முறைக்கு அவ்வமைப்பு மாறியது.

ஈரத்தின் இன்னொரு விளைவு படர்தாமரை. பிடிச்சண்டையில் தோலும் தோலும் உரசுகின்றன. வியர்வையில் ஊறிய மேல்தோல் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. காயாத பாயிலும் கையுறைக்குள்ளும் வித்துகள் காத்திருக்கின்றன. இந்தியாவில் பெருகி, டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துக்குப் பணியாத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிடும், பூஞ்சையை உள்ளே வளரவிடும். வட்டமாகச் சிவந்த தடிப்பு தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் அனுமதிக்கும்வரை பிடிச்சண்டையிலிருந்து விலகியிருக்க வேண்டும். கையுறையைப் பைக்குள் அடைத்துவைக்காமல், மணிக்கட்டுப் பட்டையை முழுக்க அவிழ்த்து வாயை விரித்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மின்விசிறிக்கு நேரே வைத்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். கைக்கட்டுத் துணியை ஒவ்வொரு பயிற்சிக்கும் துவைக்க வேண்டும் என்பதால், கார்த்திகை மழையில் துணி உலராத நாள்களுக்காக மூன்று ஜோடிகளாவது வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.