சைட்: முன்குறியும் பின்குறியும்

துப்பாக்கிக் குழலின் மேல், குறி பார்ப்பதற்காகப் பொருத்தியிருக்கும் சிறு உலோகத் துண்டுக்குப் பெயர் ‘சைட்’. ‘பார்த்தல்’ என்ற வினையோடு உறவுள்ள பழைய ஆங்கிலச் சொல். முதலில் பார்வையையும் பார்க்கப்படும் பொருளையும் குறித்தது, பிறகு பார்க்க உதவும் கருவிக்கும் பெயரானது. நம் ஊரில் ‘சைட் அடிப்பது’ம் இதே சொல்தான். வீட்டுமனை ‘சைட்’ வேறு.

துப்பாக்கியில் சைட் இரண்டு: குழலின் முனையில் ஒன்று, கண்ணுக்கு அருகே ஒன்று. இவற்றைத் தமிழில் ‘முன் பார்வை, பின் பார்வை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. படித்தால் கண் மருத்துவமனை ஞாபகம்தான் வருகிறது. ‘குறி பார்த்தான்’ என்ற வழக்கு நம்மிடம் இருக்கும்போது முன்குறி, பின்குறி என்றால் போதும். ‘குறி’ என்று மட்டும் சொன்னால் இலக்கையும் குறிக்கும் என்பதால் முன், பின் என்ற அடைமொழியை விடக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லக் ‘குறிகாட்டி’.

வாய்வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் ரைபிளில் குறிகாட்டியை மாற்றும்போது இந்த அடைமொழி ரொம்பவே முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைபிளின் பாணியில் அமெரிக்காவில் இன்றும் துப்பாக்கிகள் வருகின்றன. அவற்றில் குறிகாட்டி பெரும்பாலும் ‘டவ்டெயில்’ வெட்டில் உட்காரும். புறாவால் காடி எனலாம்: அடியில் அகன்று, மேலே குறுகிய பள்ளம். முதலில் குழலில் மருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம் பித்தளை உளியை வைத்து, பக்கவாட்டில் மெல்லத் தட்டி ஏற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் புதுத் துண்டின் அடியைத்தான் அரத்தால் தேய்க்க வேண்டும், குழலின் காடியைத் தொடக் கூடாது. துண்டு கெட்டால் இன்னொன்று வாங்கலாம், குழல் கெட்டால் செலவு பெரிது.

குண்டு இடப்பக்கம் விலகி விழுகிறதா? பின்குறியை வலப்பக்கம் தள்ளலாம், அல்லது முன்குறியை இடப்பக்கம் தள்ளலாம். பெயரை மாற்றிச் சொன்னால் பிழை இரட்டிப்பாகும். உயரத்திலும் இதே கதை: குண்டு மேலே பட்டால் உயரமான முன்குறி வேண்டும், கீழே பட்டால் இருப்பதைத் தேய்க்க வேண்டும். எவ்வளவு? இரண்டு குறிகளுக்கும் இடையே 30 அங்குலம், இலக்கு 50 கஜத்தில், அதாவது 1,800 அங்குலத்தில், குண்டு 3 அங்குலம் கீழே என்று வைத்துக்கொள்வோம். 30ஐ 3ஆல் பெருக்கி 1,800ஆல் வகுத்தால் 0.05 அங்குலம், ஒன்றேகால் மில்லிமீட்டர். தேய்த்ததை ஒட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே சற்று உயரமானதாக வாங்குவது நல்லது. தேய்ப்பதையும் ஒரே மூச்சில் முடிக்காமல், சுட்டுப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும்.

பின்குறியில் ‘பக்ஹார்ன்’ என்று ஒரு வகை, மான்கொம்பு என்று பொருள். இருபுறமும் கொம்பு வளைந்து நிற்கும். பார்க்க அழகு, ஆனால் இலக்கில் பாதியை மறைத்துவிடும். என்னைக் கேட்டால், நடுவில் சிறு வெட்டு மட்டும் உள்ள தட்டையான பின்குறியே மேல்.