மூச்சு வாங்கிய பிறகும் மிஞ்சும் குத்து

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளின் ஃபோனில் அதிகம் ஓடுவது சின்னச் சின்ன வீடியோக்கள்தான். ஒரு குத்து, ஒருவர் விழுகிறார், முடிந்தது. 1988இல் மைக் டைசன் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 செக்கனில் சாய்த்த போட்டி அவர்களுக்கு மனப்பாடம். டைசனின் திறமைக்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதை மகத்தான போட்டி என்று நான் சொல்லமாட்டேன். ஏன் என்பதை உயர்தர வகுப்புப் பௌதிகவியலும் கொஞ்சம் உயிரியலும் இருந்தால் விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் குத்து. பிரித்தானிய ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப் பிரிவு) வீரர் பிராங்க் புரூனோவின் குத்தை 1985இல் ஆய்வாளர்கள் கருவி பூட்டிய ஊசலில் அளந்தார்கள். கைமுட்டி செக்கனுக்கு 8.9 மீற்றர் வேகத்தில் வந்தது. உச்ச விசை 4096 நியூட்டன். 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒரு கணம் அழுத்துவதற்குச் சமம். இது கையின் விசை மட்டுமல்ல. பின்கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு சுழல்கிறது, தோள் தொடர்கிறது. அப்படித்தான் உடம்பின் திணிவில் ஒரு பங்கு முட்டிக்குப் பின்னால் வந்து சேர்கிறது.

ஆளைச் சாய்ப்பதில் குத்துப் படும் இடத்துக்கும் திசைக்கும் பெரிய பங்கு உண்டு. தாடை நுனியில் பக்கவாட்டாகப் பட்டால் தலை சட்டென்று திரும்பும். மண்டையோட்டின் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்காது. நரம்பிழைகள் முறுக்குண்டு இழுபடும், விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டின் வேலை குழம்பும். கழுத்துத் தசையை முன்கூட்டியே இறுக்கினால் தலையும் உடம்பும் சேர்ந்து அந்த அடியைத் தாங்கும், கோண ஆர்முடுகல், அதாவது தலையின் சுழற்சி வேகம் ஏறும் வீதம், குறையும். ஆனால் அதற்குக் குத்து வருவது கண்ணில் படவேண்டும். காணாத குத்துத்தான் விழுத்தும் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, இனிக் களைப்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு சுற்று 3 நிமிடம், ஓய்வு 1 நிமிடம். முழு வேகத்தில் அடித்தால் தசையின் உடனடி எரிபொருள் 10 செக்கனளவில் தீரத் தொடங்கும். பிறகு குளுக்கோசு ஒட்சிசன் இல்லாமலே உடைந்து சக்தி தரும். அதைத் தொடர்ந்து நம்பினால் தசை சோரும். மீதியை மூச்சு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட ஓய்வில் இந்தக் கடன் முழுவதும் அடைபடாது.

ஹெவிவெயிட் என்றால் பொதுவாக 200 இறாத்தல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல். பெரிய உடம்பில் வெப்பத்தை உண்டாக்கும் தசை அதிகம், அதோடு ஒப்பிட்டால் வெப்பம் வெளியேறும் தோற்பரப்பு குறைவு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் சின்னப் பானை ஆறிய பிறகும் பெரிய பானை கொதித்துக்கொண்டிருக்கும், அதே கணக்குத்தான். ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவணியில் வரண்ட காற்று வீசும்போது வன்னியில் வியர்வை நின்ற இடத்திலேயே காயும். ஐப்பசி மழைக்கு முந்திய புழுக்கத்தில் அது வழிந்தோடும், ஆனால் உடம்பு குளிராது.

அப்படியொரு புழுக்கத்தில்தான், 1975 ஒக்ரோபர் 1 அன்று, மணிலாவை அடுத்த கேசோன் நகரில் அமெரிக்க ஹெவிவெயிட் வீரர்கள் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறை மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகப் போட்டியைக் காலையில் வைத்தார்கள். உயரமான அலிக்கு நீண்ட கை. எட்ட நின்று நேர்க்குத்து விடுவார். குட்டையான பிரேசியர் குனிந்து உள்ளே புகுந்து, தலையைத் திருப்பும் இடதுகைக் கொக்கிக்குத்தை வீசுவார். தூரம் யார் கையில் இருக்கிறதோ ஆட்டம் அவருடையது. தொடக்கச் சுற்றுகள் அலியுடையவை. நடுவில் பிரேசியர் நெருங்கி விலாவையும் இடுப்பையும் இடித்தார். பிறகு அலி எங்கிருந்தோ திரும்பி வந்தார். 13ஆம் சுற்றில் பிரேசியரின் பற்காப்பு சண்டை மேடைக்கு வெளியே பறந்தது.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. களைப்பு தாக்குதலைவிடத் தற்காப்பை முதலில் தின்கிறது. கால் நகராது, கை தாழும், கழுத்து இறுகாது. குத்தின் வேகமும் குறையும்தான், ஆனால் பின்னால் இருக்கும் 100 கிலோ குறைவதில்லை. அதனால் ஹெவிவெயிட்டில் இருவரும் சோர்ந்த பிறகுதான் ஆபத்து ஏறுகிறது. முடிவு எந்த நொடியும் வரலாம், எவர் பக்கமும் விழலாம் என்ற நிலை சுற்றுக்குச் சுற்று நீடித்தால் அதுவே மகத்தான போட்டி.

1974இல் கின்ஷாசாவில் அலி இந்த விதியைத் தெரிந்தே பயன்படுத்தினார். எதிரே ஜோர்ஜ் போர்மன்: 40 போட்டி, 40 வெற்றி. அலி மேடையைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்து, குத்துகளுக்கு வளைந்து கொடுத்தார். மோதல் நீடிக்கும் நேரம் கூடினால் அதே கணத்தாக்குக்கு (விசையும் நேரமும் சேர்ந்த அளவு) உச்ச விசை குறையும். மீதியைக் கைகள் வாங்கின. போர்மன் அடித்து அடித்தே ஓய்ந்தார், 8ஆம் சுற்றில் விழுந்தார்.

மணிலாவில் 14ஆம் சுற்று முடிந்தபோது பிரேசியரின் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. இடது கண் ஏற்கெனவே பழுது என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார். குத்தைக் காணமுடியாத ஆளுக்குக் கழுத்தை இறுக்கவும் வழியில்லை. அவருடைய பயிற்றுநர் எடி பட்ச் போட்டியை அங்கேயே நிறுத்தினார். அந்த நிறுத்தத்தையும் நான் அந்தப் போட்டியின் பெருமையில் சேர்த்தே எண்ணுகிறேன். 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) போட்டியொன்றில் பட்ட அடியால் இறந்த பிறகு உலகப் பட்டப் போட்டிகள் படிப்படியாக 15 சுற்றிலிருந்து 12க்குக் குறைந்தன. அது சரியான முடிவு.

12 சுற்றுக்குள்ளும் மகத்துவத்துக்கு இடமுண்டு. 2021 ஒக்ரோபரில் லாஸ் வேகாசில் ஹெவிவெயிட் வீரர்கள் டைசன் ஃபியூரியும் டியொன்டே வைல்டரும் மோதியபோது 3ஆம் சுற்றில் வைல்டர் விழுந்தார், 4ஆம் சுற்றில் ஃபியூரி இருமுறை விழுந்தார், 10இல் மறுபடி வைல்டர், 11இல் அவரே விழ ஆட்டம் முடிந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அந்தப் போட்டியை முழுதாகப் பார்க்கட்டும். 5ஆம் சுற்றுக்குப் பிறகு முட்டிகளை விட்டுவிட்டு, இருவரின் கால்களையும் கைகள் தாழும் உயரத்தையும் கவனிக்கட்டும்.