பாதி மூளையின் இணைப்பை வெட்டுவது

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால், மூன்றாவது மருந்தில் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிறந்த சில நாட்களிலேயே ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும் குழந்தைகள் சிலருக்கு, ஸ்கேனில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிடப் பெருத்திருக்கும். ஹெமிமெகலென்செஃபலி என்பது அதன் பெயர். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அது ஒரு காரணம்.

கருவில் நரம்பணுக்கள் மூளையின் உட்குழிவை ஒட்டிப் பிறந்து, பந்தலில் கொடி ஏறுவதுபோல் மெல்லிய இழைகளைப் பற்றி மேலேறி, ஆறு அடுக்காக அமர வேண்டும். அணு எவ்வளவு வளர வேண்டும் என்பதை ஆள்வது எம்டார் என்ற சமிக்ஞைப் பாதை. கருவின் சில அணுக்களில் மட்டும் அந்தப் பாதையில் மரபணுப் பிழை நேர்ந்தால், அவற்றின் வாரிசுகள் ஊதிப் பெருக்கின்றன, அடுக்கும் குலைகிறது. பெரும்பாலும் இது பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கிரகணத்தன்று வெளியே போனாயா என்று தாயைக் குடைபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

கெட்ட பாதியோடு போகட்டும் என்றும் விட முடியாது. அங்கே கிளம்பும் மின்புயல் நல்ல பாதிக்கும் பரவி, குழந்தை தலை நிற்பதையும் முகம் பார்த்துச் சிரிப்பதையும் தடுத்துவிடுகிறது.

முன்பெல்லாம் அந்தப் பாதியை அப்படியே எடுத்துவிடுவார்கள். 1950-இல் ஜோகன்னஸ்பர்க்கின் அறுவை மருத்துவர் குரைனா 12 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்ட பிறகு இந்த அறுவை பரவியது. மாண்ட்ரியலில் பயின்று வந்த மூளை அறுவை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1952-இலேயே வேலூர் சி.எம்.சி.யில் இதைச் செய்தார். வலிப்பு நின்றது. ஆனால் பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அந்த வெற்றிடத்தில் ரத்தம் கசிந்து கசிந்து, இரும்புக் கறை மூளையின் மேல் படிந்து, மூளைநீரின் வழி அடைபட்டது. சிலர் இறந்தும் போனார்கள்.

மாண்ட்ரியலின் ராஸ்முசன் 1970-களில் வேறு வழி கண்டார்: ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மீதியை உள்ளேயே விட்டு, அதன் இணைப்பை வெட்டுவது. இன்று மண்டையோட்டில் சிறிய திறப்பு போதும். உட்குழிவுக்குள் நுழைந்து, இரு பாதிகளையும் பிணைக்கும் கார்பஸ் கலோசத்தையும், தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளையும், முன்மடலின் அடிப்புறத் தொடர்புகளையும் அறுப்பார்கள். ஓர் இழைக்கற்றை விடுபட்டாலும் வலிப்பு திரும்பலாம். முக்கிய ரத்தக் குழாய்களைத் தொடுவதில்லை.

விலை உண்டு. எதிர்ப்பக்கக் கைவிரல்களின் நுணுக்கமும், இரு கண்களிலும் அந்தப் பக்கத்துப் பார்வையும் போய்விடும். நடை பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிறது. சிறு வயதானால் பேச்சை மறுபாதி ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் காத்திருப்பது நஷ்டம். பல வகை வலிப்பு அறுவைகளைச் சேர்த்து டெல்லி எய்ம்ஸ் 116 பிள்ளைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினர் வலிப்பில்லாமல் இருந்தனர்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்.

அறுவைக்குப் பின், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்தால், துண்டித்த பாதியில் புயல் இன்னும் அடித்துக்கொண்டிருப்பது தெரியலாம். திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளும். தலை நிறைய ஒயர்களோடு பிள்ளை, அம்மா மடியில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்.